பீரோ சாவி யார்கிட்ட இருக்கு? பெரம்பலூர், அரியலூர் பள்ளிகளும் கதைப் புத்தகமும்

இன்னைக்குப் பேசப்போறது பள்ளிக்கூட நூலகத்தைப் பத்தி. தலைப்பைப் பார்த்துட்டு ஸ்கிப் பண்ணிடாதீங்க. முதல்ல மூணு நம்பர் சொல்றேன், அதுக்கப்புறம் முடிவு பண்ணுங்க.

2023 பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் பெரம்பலூர் மாவட்டம். தேர்ச்சி 97.67 சதவீதம். 2024 பத்தாம் வகுப்பில் முதலிடம் அரியலூர், 97.31. 2025 பிளஸ் டூவில் மறுபடியும் அரியலூர், 98.82.

இந்த ரெண்டு ஊரும் மேப்ல எங்க இருக்குன்னே சென்னையில பாதி பேருக்குத் தெரியாது. திருச்சிக்குப் போற பஸ்ல தூங்கிட்டே பெரம்பலூரைத் தாண்டியிருப்பீங்க. 1995-இல் திருச்சியிலிருந்து பிரிந்தது பெரம்பலூர். 2001-இல் அதிலிருந்து அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கினாங்க, 2002-இல் திரும்பச் சேர்த்தாங்க, 2007-இல் மறுபடி பிரிச்சாங்க. ஒரு பக்கம் சின்ன வெங்காயம், பருத்தி, மக்காச்சோளம். இன்னொரு பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமெண்ட் ஆலை, லாரி புழுதி. 'பின்தங்கிய மாவட்டம்' என்ற அடைமொழி இல்லாம இந்த ரெண்டு பேரையும் ஒரு காலத்துல யாரும் எழுதினதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைங்க மொத்த மாநிலத்தையும் முந்திட்டு நிக்கிறாங்க. அது சாதாரண விஷயம் இல்ல. அந்த ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கை தட்டிட்டுத்தான் மேல பேசணும்.

ஆனா எனக்கு ஒரு கேள்வி. அந்த 97 சதவீதத்தில், யாரும் சொல்லாமல், பரீட்சைக்குத் தேவையில்லாமல், சும்மா பிடிச்சிருக்குன்னு ஒரு புத்தகத்தை முழுசாப் படிச்ச பிள்ளைங்க எத்தனை பேர்? இதுக்கு யாரும் ரேங்க் போடுறதில்ல. இந்த எபிசோடுக்காக ரெண்டு மாவட்டத்திலும் சில ஆசிரியர்கள்கிட்ட பேசினேன். அரசு ஊழியர்கள் என்பதால் பேரும் பள்ளியும் வேண்டாம்னாங்க. ஒரு தமிழ் டீச்சர் சொன்னது இது: "சார், எங்க பிள்ளைங்களுக்குப் படிக்கத் தெரியும். படிச்சா ஜாலியா இருக்கும்னுதான் தெரியாது."

சட்டம் என்ன சொல்லுதுன்னு முதல்ல பார்த்துடுவோம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கடைசியில் ஓர் அட்டவணை இருக்கு. பள்ளிக்கூடம்னா குறைந்தபட்சம் என்னென்ன இருக்கணும்னு சொல்ற பட்டியல். இத்தனை பிள்ளைக்கு ஒரு ஆசிரியர், கழிப்பறை, குடிநீர், விளையாட்டு மைதானம் என்று போகும். அந்த வரிசையில் நூலகமும் வருது. நாளிதழ், இதழ்கள், எல்லாப் பாடத்துக்கும் புத்தகங்கள் இருக்கணும் என்று சொல்லிவிட்டு, கதைப் புத்தகங்களும் இருக்கணும்னு தனியாக் குறிப்பிடுறாங்க. அதாவது கதைப் புத்தகம் என்பது தலைமை ஆசிரியர் மனசு வெச்சா கிடைக்கிற சலுகை இல்ல. குடிநீர்க் குழாய் இருக்கிற அதே பட்டியலில் இருக்கிற உரிமை.

பணம்? கொஞ்சம் இருக்கு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் நூலக மானியமாகப் பள்ளியின் அளவைப் பொறுத்து ஆண்டுக்கு 5,000 ரூபாய் முதல் 20,000 ரூபாய் வரை ஒதுக்க வழி இருக்கு. பெரிய தொகை இல்லதான். ஆனா மெல்லிசான சிறார் கதைப் புத்தகங்கள் நாற்பது, ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கும்போது, 5,000 ரூபாய்க்கு நூறு புத்தகமாவது வாங்கலாம். ஒரு சின்னத் தொடக்கப் பள்ளிக்கு நூறு புதுப் புத்தகம் என்றால் திருவிழா.

அப்போ சிக்கல் எங்க? பீரோவில்.

அரசுப் பள்ளியில் படிச்சவங்களுக்கு இந்தப் பீரோ தெரிஞ்சிருக்கும். சாம்பல் நிறம், இரும்பு, ஹெச்.எம். ரூமில் அவர் நாற்காலிக்குப் பின்னாடி நிக்கும். உள்ள புத்தகம் இருக்கும். கதவு பூட்டியிருக்கும். நான் படிச்ச பள்ளியிலும் அப்படித்தான். ஆண்டு விழாவுக்கு முந்தின நாள் தூசி தட்டத் திறப்பாங்க. அப்ப எட்டிப் பார்த்தா நீல பைண்டிங் போட்ட கனமான புத்தகங்கள் தெரியும்.

இதைக் கேட்டதும் ஆசிரியர்களைத் திட்டுறது சுலபம். ஆனா பூட்டுக்குப் பின்னாடி ஒரு காரணம் இருக்கு, அதைப் புரிஞ்சுக்கணும். பள்ளி நூலகத்தில் இருக்கிற ஒவ்வொரு புத்தகமும் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கும். மேசை, நாற்காலி மாதிரி அதுவும் அரசுச் சொத்து. பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் நூலகர்னு தனி ஆள் கிடையாது. அறிவியல் டீச்சரோ பி.டி. வாத்தியாரோ கூடுதல் பொறுப்பாகப் பார்ப்பாங்க. ஆறாம் வகுப்புப் பையன் ஒரு புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், அதைத் தங்கச்சி கிழிச்சு, மழையில நனைஞ்சு, காணாமப் போனா, தணிக்கையின்போது பதில் சொல்ல வேண்டியது அந்த ஆசிரியர். மாறுதல் வந்தா, ஓய்வு பெற்றா, எண்ணி ஒப்படைச்சுட்டுத்தான் போகணும். "அறுபது ரூபா புத்தகத்துக்கு என் பென்ஷன் பேப்பர் நிக்கணுமா?"ன்னு ஒரு சார் என்கிட்ட கேட்டார். இதுக்கு என்ன பதில் சொல்ல? புத்தகம் கிழியாம இருந்தா அந்த ஆசிரியர் பத்திரம். புத்தகம் கிழிஞ்சா யாரோ படிச்சிருக்காங்க. இந்த அமைப்பில் முதல் விஷயத்துக்குத்தான் பரிசு.

இது புதுப் பிரச்சினையும் இல்ல. நம்ம சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன், இந்திய நூலகவியலின் தந்தை என்று சொல்றோமே, அவர் அடிப்படையில் கணக்கு வாத்தியார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1931-இல் நூலகத்துக்கான ஐந்து விதிகளை எழுதினார். அதில் முதலாவது, புத்தகம் இருப்பது பயன்படுத்தறதுக்கு என்பது. இதென்ன பெரிய கண்டுபிடிப்பான்னு தோணும். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களை அலமாரியோடு சங்கிலி போட்டுக் கட்டி வெச்ச கதையை அந்த விதிக்கு விளக்கமா அவர் சொல்றார். புத்தகத்தைக் காப்பாத்தறதுதான் நூலகத்தின் வேலைன்னு அப்ப நினைச்சாங்க. சங்கிலி போயிடுச்சு, நம்ம ஊர்ல பீரோ வந்துடுச்சு. அதே 1931-இல் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகத்தை ஏத்திக்கிட்டு ஊர் ஊராப் போன கதையும் உண்டு. பூட்டி வைக்கிற புத்தியும் நம்மகிட்ட இருக்கு, வண்டி கட்டிக் கொண்டுபோற புத்தியும் நம்மகிட்டதான் இருக்கு.

பீரோவைத் திறந்த ஆசிரியர்கள் எப்படித் திறந்தாங்கன்னு கேட்டேன். மந்திரம் ஒண்ணும் இல்ல. அரியலூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஹெச்.எம். புத்தகங்களை ரெண்டாப் பிரிச்சிருக்கார். மானியத்தில் வாங்கி பதிவேட்டில் ஏறினது ஒரு பக்கம். நன்கொடையா வந்த மலிவு விலைப் புத்தகங்கள் இன்னொரு பக்கம். ரெண்டாவது வகையை வகுப்பறையிலேயே கயிறு கட்டித் தொங்கவிட்டுட்டார். யார் வேணா எடுக்கலாம், பேரு எழுத வேண்டாம், தொலைஞ்சா தொலையட்டும். வருஷக் கடைசியில் எண்ணிப் பார்த்தா பத்துக்கு ஒண்ணு ரெண்டுதான் குறையுதாம். "திருடிட்டுப் போற அளவுக்கு ஒரு கதை பிடிச்சிருந்தா எனக்குச் சந்தோஷம்தான்"னார்.

கயிறு கட்டுறது அவர் கண்டுபிடிப்பு இல்ல. அனைவருக்கும் கல்வி இயக்கக் காலத்தில் 'புத்தகப் பூங்கொத்து'ன்னு தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் வந்தது. வகுப்பில் துணி காயப்போடுற மாதிரி புத்தகங்களை வரிசையாத் தொங்கவிடுவாங்க. இதுல ஒரு நுட்பம் இருக்கு. அலமாரியில் புத்தகத்தின் முதுகு மட்டும்தான் தெரியும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு முதுகைப் பார்த்து ஒண்ணும் புரியாது. கயிற்றில் தொங்கும்போது அட்டைப்படம் தெரியும். யானை தெரியும், பேய் தெரியும். பேய் தெரிஞ்சா கை போகும்.

இனி நேரம். கால அட்டவணையில் வாரத்துக்கு ஒரு நூலகப் பாடவேளை இருக்கும். காகிதத்துல. நிஜத்துல அந்தப் பீரியடை யார் எடுப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். போர்ஷன் முடிக்காத கணக்கு சார் எடுப்பார், இல்லேன்னா டெஸ்ட் வைக்கிற அறிவியல் டீச்சர் எடுப்பார். மாவட்டம் முதலிடத்துல இருக்கும்போது இந்த அழுத்தம் குறையாது, கூடும். அடுத்த வருஷம் மூணாவது இடத்துக்கு இறங்கினா ஏன் இறங்கினோம்னு மீட்டிங் நடக்கும். நூலகப் பீரியட் ஏன் நடக்கலன்னு மீட்டிங் நடந்ததா நான் கேள்விப்பட்டதில்ல.

இங்க ஒரு நியாயமான எதிர்வாதம் இருக்கு. முதல் தலைமுறையாப் படிக்க வர்ற பிள்ளைக்கு மார்க்தானே முக்கியம்? அந்த மார்க்தானே அவங்களை வெங்காயக் காட்டில் இருந்து வெளிய கொண்டுவருது? 'இன்பத்துக்காக வாசிப்பு' எல்லாம் நகரத்து நடுத்தர வர்க்கத்தோட சொகுசு இல்லையா? இதை ஒரு ஆசிரியர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார், நல்லாத்தான் கேட்டார். ஆனா மார்க் எங்க வரைக்கும் கூட வரும்னு யோசிக்கணும். பத்தாவதில் கேள்வி பதிலை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிடலாம். கல்லூரியில், போட்டித் தேர்வில், முன்பின் பார்க்காத ஒரு பக்கத்தைக் கொடுத்து இது என்ன சொல்லுதுன்னு கேட்கும்போது, பழக்கம் இருக்கிறவன் படிப்பான், இல்லாதவன் திணறுவான். அந்தப் பழக்கம் பாடநூலை மட்டும் படிச்சு வராது. பக்கம் பக்கமா, தப்பும் தவறுமா, எதையோ ஆர்வத்துல படிச்சுத்தான் வரும். நகரத்துப் பிள்ளைக்கு அந்தப் பக்கங்கள் வீட்டிலேயே கிடைக்குது. செந்துறைப் பக்கத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டா வேற இடம் கிடையாது. சொகுசுன்னு யாருக்கு நிறுத்துறோமோ, அவங்களுக்குத்தான் அது அவசியமா இருக்கு.

படிக்கத் தெரிவதே கேள்விக்குறியா இருந்த காலமும் சமீபத்துல வந்துச்சு. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தன. 2022 ஏசர் ஆய்வில், தமிழகக் கிராமங்களில் ஐந்தாம் வகுப்பு பிள்ளைகளில் சுமார் 25 சதவீதம் பேரால்தான் இரண்டாம் வகுப்புப் பத்தியைப் படிக்க முடிந்தது. 2018-இல் அது சுமார் 40. இதுக்குப் பின்னணியில்தான் 2021-இல் இல்லம் தேடிக் கல்வி, அப்புறம் 2023-இல் 'வாசிப்பு இயக்கம்' வந்தது.

வாசிப்பு இயக்கத்துல எனக்குப் பிடிச்ச விஷயம், அந்தப் புத்தகங்களின் உடம்பு. மெல்லிசா, படம் நிறைய, ஒரு புத்தகம் ஒரு கதை. நாலு படிநிலை: நுழை, நட, ஓடு, பற. தமிழ்ல அரசுத் திட்டத்துக்கு இவ்வளவு அழகா நாலு பேர் வெச்சு நான் பார்த்ததில்ல. 'நுழை'யில் சின்னச் சின்னச் சொல், சின்ன வாக்கியம். 'பற'வுக்கு வரும்போது கதை நீளும். ஒரு பிள்ளை ஒரு புத்தகத்தை முழுசா முடிச்சேன்னு சொல்ல பத்து நிமிஷம் போதும். அந்த 'முடிச்சேன்' இருக்கே, அதுதான் அடுத்த புத்தகத்துக்குக் கூட்டிட்டுப் போறது. நூத்தம்பது பக்க நீல பைண்டிங் புத்தகத்தை முதல்ல கையில கொடுத்தா அந்த ருசியே தெரியாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஏழாம் வகுப்புப் பையன் கையில் 'நுழை' புத்தகம் இருந்தா, பக்கத்துல இருக்கிறவன் பார்த்துச் சிரிப்பான். பெரம்பலூர் பக்கம் ஒரு டீச்சர் இதுக்கு ஒரு வழி வெச்சிருக்காங்க. ஏழாவது, எட்டாவது பிள்ளைங்களை ஒண்ணாவது, ரெண்டாவது குழந்தைகளுக்குக் கதை வாசிச்சுக் காட்டச் சொல்றாங்க. அப்ப 'நுழை' புத்தகத்தை எடுக்கிறது கௌரவம். நாளைக்குத் தங்கச்சிக்குப் படிச்சுக் காட்டணும்னு இன்னைக்கு ரெண்டு தடவை ரகசியமாப் படிச்சுப் பார்த்துப்பான். ரெண்டு வேலை ஒரே புத்தகத்துல.

இதோட 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு'ன்னு ரெண்டு இதழ்களும் அரசுப் பள்ளிகளுக்கு வருது. 2022-இல் ஆரம்பிச்சாங்க. நாலு, ஐந்தாம் வகுப்புக்கு ஊஞ்சல், ஆறு முதல் ஒன்பது வரை தேன்சிட்டு. பிள்ளைங்க எழுதினதையும் வரைஞ்சதையும் போடுறாங்க. கோகுலம், அம்புலிமாமா எல்லாம் நின்னுபோன காலத்துல இது பெரிய விஷயம். நம்ம அப்பா அம்மா தலைமுறை பாடநூலைத் தாண்டி வாசிக்கப் பழகினது பள்ளி நூலகத்துல இல்ல. டீக்கடை பெஞ்சுலயும், வாடகைக்கு விட்ட காமிக்ஸ்லயும், பக்கத்து வீட்டு அம்புலிமாமாவிலயும்தான். இரும்புக்கை மாயாவியைப் பாடப்புத்தகத்துக்குள்ள ஒளிச்சு வெச்சுப் படிச்சு அடி வாங்கின ஆளுங்க இப்ப ஹெச்.எம்.மா இருக்காங்க. அவங்களே பள்ளியில் காமிக்ஸ் வேண்டாம்னு சொல்றதைக் கேட்டா சிரிப்பு வருது.

சரி, இப்ப நான் கொஞ்சம் சண்டை போடப்போறேன். விமர்சனக் கட்டுரைகூட.

2022-இல் பள்ளிக் கல்வித் துறை ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை ஒரு நூலகச் செயல்பாட்டைக் கொண்டுவந்தது. புத்தகம் எடுத்துப் படிக்கணும், அதைப் பத்தி எழுதணும், பேசணும், வரையணும். பள்ளி, ஒன்றியம், மாவட்டம், மாநிலம்னு போட்டி. ஜெயிச்சவங்களுக்குப் பரிசு, பயணம். நோக்கம் நல்லது. பூட்டின பீரோ பல ஊர்ல இதனாலதான் திறந்தது, அதை மறுக்கல. ஆனா படிச்ச ஒவ்வொரு கதைக்கும் அரைப் பக்கம் எழுதிக் கொடுக்கணும்னா, அந்தக் கதை வீட்டுப்பாடம் ஆயிடும். கதைச் சுருக்கம், கதை மாந்தர், கதை உணர்த்தும் நீதி. இந்த மூணு தலைப்பைப் பார்த்தாலே எனக்கு இப்பவும் கொட்டாவி வருது.

இது என் எரிச்சல் மட்டும் இல்ல. 1973-இல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூணு உளவியலாளர்கள் ஒரு சின்ன ஆய்வு செய்தாங்க. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நர்சரிப் பள்ளி. தானாகவே ஆசையா ஸ்கெட்ச் பேனாவை எடுத்து வரைகிற குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தாங்க. மூணு குழு. முதல் குழுவுக்கு, நீ வரைஞ்சா நட்சத்திரம் ஒட்டின சான்றிதழ் தருவேன்னு முன்கூட்டியே சொன்னாங்க. ரெண்டாவது குழுவுக்கு எதுவும் சொல்லல, வரைஞ்சு முடிச்சதும் அதே சான்றிதழை எதிர்பாராமக் கொடுத்தாங்க. மூணாவது குழுவுக்கு ஒண்ணும் இல்ல. ஒன்றிரண்டு வாரம் கழிச்சு, சும்மா விளையாடுற நேரத்துல யார் பேனாவை எடுக்கிறாங்கன்னு மறைஞ்சு நின்னு பார்த்தாங்க. பரிசுக்காக வரைஞ்ச குழந்தைகள், மற்ற ரெண்டு குழுவில் இருந்தவங்க வரைஞ்ச நேரத்துல ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைஞ்சாங்க. ஆசையாச் செய்ததை ஒரு தடவை கூலிக்குச் செய்ததும், கூலி நின்னவுடனே ஆசையும் பாதியாயிடுச்சு. எதிர்பாராத பரிசு எந்தக் கெடுதலும் செய்யல என்பதையும் கவனிங்க.

பள்ளி நூலகத்துக்கு இதை மொழிபெயர்த்தா என்ன வரும்? பரிசு கொடுங்க, தப்பில்ல. ஆனா 'அம்பது புத்தகம் படிச்சா கோப்பை'ன்னு முன்னாடியே போர்டு மாட்டாதீங்க. மாட்டினா பிள்ளை மெல்லிசான அம்பது புத்தகமாத் தேடும். எந்தப் புத்தகத்துல அது மூழ்கியிருக்குமோ, அதைத் தொடவே தொடாது. ஸ்டீபன் கிராஷன் என்ற மொழியியலாளர் பல வருஷமா இதைத்தான் சொல்லிட்டு இருக்கார். பிள்ளை தானாத் தேர்ந்தெடுக்கணும், அறிக்கை கேட்கக் கூடாது, தேர்வு வைக்கக் கூடாது, பிடிக்கலைன்னா பாதியில வெச்சுட்டு வேற எடுக்க விடணும். டேனியல் பென்னாக் என்ற பிரெஞ்சுப் பள்ளி ஆசிரியர் ஒருபடி மேல போய் 1992-இல் வாசகரின் பத்து உரிமைகள்னு ஒரு பட்டியலே போட்டார். அதுல முதல் உரிமையே படிக்காம இருக்கிற உரிமை. பக்கத்தைத் தாண்டிப் போகலாம், முடிக்காம விடலாம் என்பதும் அதுல இருக்கு. நம்ம ஊர் ஸ்டாஃப் ரூம்ல இதை வாசிச்சுக் காட்டினா என்ன ஆகும்னு கற்பனை பண்ணிப் பார்த்தேன்.

அந்தத் தமிழ் டீச்சர் விமர்சனத்துக்குப் பதிலா ஒண்ணு செய்றாங்க. புத்தகத்தைத் திருப்பித் தரும்போது பின் அட்டை உள்பக்கத்துல ஒரே ஒரு வரி எழுதலாம், எழுதாமலும் போகலாம். அடுத்து எடுக்கிறவனுக்கு எழுதுற வரி அது. "முதல் அஞ்சு பக்கம் மொக்க, அப்புறம் சூப்பர்." "கடைசியில நாய் சாகும், அழாத." இந்த வரிகளைப் படிக்கவே பிள்ளைங்க புத்தகத்தைத் திறக்குறாங்களாம். அரசுச் சொத்துல கிறுக்கறது விதிப்படி தப்புதான். ஆய்வுக்கு வந்த அதிகாரி ரெண்டு வரி படிச்சுட்டுச் சிரிச்சுட்டுப் போயிட்டாராம்.

இனி என்ன புத்தகம் வைக்கிறது? பல பள்ளிகளில் இருப்பது தலைவர்கள் வரலாறும் நீதிக் கதையும். அதோட பழைய வழிகாட்டி நூல்கள். காந்தி, காமராசர், கலாம் எல்லாம் இருக்கட்டும். ஆனா பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்குச் சிரிக்கணும், பயப்படணும், துப்பு துலக்கணும். இதுக்கெல்லாம் தமிழ்ல இன்னைக்கு நிறைய இருக்கு. வாண்டுமாமா இருக்கார். இரா. நடராசன், யூமா வாசுகி, உதயசங்கர், விழியன், விஷ்ணுபுரம் சரவணன்னு எழுதிட்டே இருக்காங்க. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-இல் பால சாகித்ய புரஸ்கார் வாங்கிச்சு. குழந்தைகள் மேல நடக்கிற பாலியல் சீண்டலைப் பத்தி, ஒரு மரப்பாச்சி பொம்மையைத் துணைக்கு வெச்சு, குழந்தைகளுக்கே சொல்ற கதை. அந்த மாதிரிப் புத்தகம் பீரோவுக்குள்ள பூட்டி இருக்கிறதுக்கும் ஒரு பிள்ளை கையில இருக்கிறதுக்கும் என்ன வித்தியாசம்னு நான் விளக்கத் தேவையில்ல.

அதோட இந்த ரெண்டு மாவட்டத்துக்குன்னு ஒரு தனி வசதி இருக்கு. காலடி மண்ணே ஒரு நூலகம். பல கோடி வருஷத்துக்கு முன்னாடி இங்க கடல் இருந்தது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாய்ப்போன மரம் ஒண்ணு படுத்திருக்கு. 18 மீட்டர் நீளம், வயசு சுமார் 12 கோடி வருஷம். காரை கிராமத்துப் பக்கம் செம்மண் மேட்டிலும் அரியலூர் சுண்ணாம்புச் சுரங்கத்திலும் கடல்வாழ் உயிரிகளின் புதைபடிவங்கள் கிடைக்குது. நத்தை மாதிரி சுருண்ட அம்மோனைட்டை விளையாட்டுச் சாமான் மாதிரி பையில போட்டுக்கிட்டு பள்ளிக்கு வந்த பையன்களைப் பத்தி ஆசிரியர்கள் சொன்னாங்க. அந்தப் பையன் கையில டைனோசர் புத்தகம் ஒண்ணு கொடுத்துப் பாருங்க. கொஞ்ச தூரத்துல கங்கைகொண்ட சோழபுரம். இன்னொரு பக்கம் 2024-இல் ராம்சர் தளமா அறிவிக்கப்பட்ட கரைவெட்டி பறவைகள் சரணாலயம். பறவைப் படம் போட்ட கையேடு ஒண்ணு, சோழர் கதை ஒண்ணு, புதைபடிவம் பத்தி ஒண்ணு. பிள்ளை ஏற்கெனவே கண்ணால பார்த்த விஷயம் எழுத்துல வரும்போது ஆர்வம் தானா வரும்.

பள்ளிக்கு வெளிய என்ன இருக்கு? 2006-க்கு அப்புறம் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்துல ஊராட்சிக்கு ஒரு நூலகம்னு கட்டினாங்க. பல கட்டடங்கள் இன்னும் நிக்குது, பூட்டும் நிக்குது. நாம கட்டுற சொத்து வரியில ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியாப் போகுது என்பதும் நிறைய பேருக்குத் தெரியாது. அதனால ஊர் நூலகம் திறந்திருக்கான்னு கேட்கிற உரிமை எல்லாருக்கும் உண்டு. செந்துறை ஒன்றியம் குழுமூரில் அனிதா பேரால ஒரு நூலகம் இருக்கு. 2017-இல் மருத்துவக் கனவோட நாம இழந்த அதே அனிதா. அவங்க குடும்பம் மகளோட நினைவா என்ன கட்டலாம்னு யோசிச்சு, ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிக்க ஒரு இடத்தைக் கட்டினாங்க.

பெரம்பலூர் புத்தகத் திருவிழாவையும் சொல்லணும். 2012-இல் தரேஸ் அகமது ஆட்சியரா இருந்தப்ப ஆரம்பிச்சது. சின்ன ஊர்ல யார் புத்தகம் வாங்குவான்னு கேட்டவங்க அப்ப நிறைய பேர். 2022-க்கு அப்புறம் எல்லா மாவட்டத்திலும் அரசே புத்தகக் காட்சி நடத்துது. பள்ளிப் பிள்ளைங்களை வேன்ல கூட்டிட்டு வருவாங்க. ஆனா வரிசையா நடந்து, கடைகளைச் சுத்திப் பார்த்துட்டு, கையில காசில்லாம மறுபடி வேன் ஏறிடுவாங்க. பார்க்கவே கஷ்டமா இருக்கும். ஈரோடு புத்தகத் திருவிழாக்காரங்க இதுக்கு ஒரு உண்டியல் திட்டம் வெச்சாங்க. பிள்ளைங்க வருஷம் முழுக்க உண்டியல்ல சேர்த்த காசோட வந்து, தானே பார்த்து, தானே பேரம் பேசி வாங்குவாங்க. பள்ளிகள் நூலக மானியத்தையும் இப்படிச் செலவழிக்கலாம். ஒவ்வொரு வகுப்பிலும் அஞ்சு பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து, இவ்வளவு ரூபாய்க்கு உங்க வகுப்புக்கு என்ன வேணுமோ எடுங்கன்னு விட்டுடணும். பேய்க் கதையா எடுப்பாங்க. எடுக்கட்டும். அந்தப் புத்தகம் பீரோவுல தூங்காது.

கடைசியா, எபிசோடு வரப்போகுதுன்னு சொன்னதும் நிறைய பேர் கேட்டது: நாங்க என்ன செய்யலாம்? வீட்டுல இருக்கிற பழைய நீட் கைடு, ஆங்கில நாவல், 2015 இயர் புக் இதையெல்லாம் மூட்டை கட்டி கிராமத்துப் பள்ளிக்கு அனுப்பாதீங்க. பழைய பேப்பர் கடைக்குப் போக வேண்டியதை அந்த டீச்சர் தலையில கட்டுறீங்க, அவ்வளவுதான். நீங்க படிச்ச பள்ளி அரசுப் பள்ளின்னா ஹெச்.எம்.முக்கு ஒரு போன் போடுங்க. எந்த வகுப்புக்கு என்ன புத்தகம் வேணும்னு அவரைப் பட்டியல் சொல்லச் சொல்லுங்க, இல்ல, பிள்ளைங்ககிட்டயே கேட்டுச் சொல்லச் சொல்லுங்க. பணமாக் கொடுக்கணும்னா 'நம்ம ஸ்கூல், நம்ம ஊருப் பள்ளி' மூலமாக் கொடுக்கலாம். புத்தகமாக் கொடுத்தா, மெல்லிசா, புதுசா, ஒரே தலைப்புல மூணு பிரதி கொடுங்க. ஒரு பிள்ளை படிச்சுட்டு இன்னொரு பிள்ளைகிட்ட அதைப் பத்திப் பேச, அந்த ரெண்டாவது பிரதி வேணும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமா இருக்கு, யார் வேணா அச்செடுத்துக்கலாம், அனுமதி கேட்க வேண்டாம். கலர் பிரிண்ட் போட்டு, தைச்சு அனுப்பினா ஒரு கயிறு நிறையத் தொங்கவிடலாம். அந்த அரியலூர் ஹெச்.எம். சொன்ன மாதிரி, இது பதிவேட்டில் ஏறாத புத்தகம் என்று ஒரு துண்டுச் சீட்டும் உள்ள வெச்சு அனுப்புங்க.